லாகூரில் பதினெட்டு வருஷம்

தன் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் நீரஜா அம்மாவிடம் வாதாடுவதை விட்டுவிட்டாள். பயனில்லை என்பது ஒரு மாதமாகவே தெரியும். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்கு அப்பால் இருந்த ஸ்டூடியோவுக்குப் பஸ் ஏறினாள். அன்றைக்கு அம்மாவுக்குப் படப்பிடிப்பு இல்லை. நீரஜா பார்க்கவேண்டியது எட்வினை.

எட்வின் பூச்சுக்காரர். ஒருவரின் மனதில் இன்னொருவரின் வாழ்க்கையை ஏற்றுகிற வேலைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் நீளமானது. ஸ்டூடியோவில் அதை யாரும் சொல்வதில்லை. முதல் கருவி வந்து இறங்கிய வருடம், இது எந்தச் சங்கத்தின் வேலை என்று பெரிய தகராறு நடந்தது. முகத்துக்குப் போடுவதும் மனதுக்குப் போடுவதும் ஒன்றுதான் என்று சொல்லி ஒப்பனைச் சங்கம் ஜெயித்தது. அன்றிலிருந்து அது பூச்சு. காலையில் போடுவார்கள், மாலையில் கலைப்பார்கள்.

எட்வினும் முப்பது வருடம் முகத்துக்குப் போட்டவர்தான். சொந்த ஊர் நாகர்கோவில். கைகளில் இன்னும் பவுடர் வாசனை உண்டு.

நீரஜாவின் அம்மா வசுந்தராவின் மேல் இருந்தது, ஒரு தொடருக்காகப் போட்ட மொகலாயப் பேரரசி நூர்ஜஹானின் பூச்சு. அரண்மனைக் குறிப்புகள், பயணிகள் எழுதி வைத்தவை, ஃபர்மான் என்ற அரசாணைகள், வரலாற்றுக்காரர்களின் ஊகங்கள் எல்லாவற்றையும் கலந்து செய்தது. அது அந்தப் பேரரசி அல்ல, அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் சேர்ந்த ஒரு கலவை என்று எட்வின் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் அதை அணிந்தவர் நடிக்கவேண்டியதில்லை. கோபம் தானாக வரும். கையைத் தூக்கினால் அதில் ஆணை இருக்கும்.

வசுந்தராவைத் தேர்ந்தெடுத்ததற்கு நடிப்புத் திறமை காரணமில்லை. வாழ்க்கை எங்கெல்லாம் ஒத்துப்போகிறதோ அங்கெல்லாம் பூச்சு நன்றாகப் பிடிக்கும். நூர்ஜஹான், முதல் கணவன் கொல்லப்பட்ட பிறகு லாட்லி என்ற சின்ன மகளோடு அரண்மனைக்கு வந்தவள். வசுந்தரா, துணை ஒளிப்பதிவாளராக இருந்த கணவர் வெளிப்புறப் படப்பிடிப்பில் லாரி கவிழ்ந்து இறந்தபிறகு ஆறு வயது நீரஜாவோடு சாலிகிராமத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தவள். அதன்பின் பதினெட்டு வருடம். கதாநாயகியின் சித்தி, ஆஸ்பத்திரி நர்ஸ், கூட்டத்தில் அழும் பெண். உதவி இயக்குநர் ஒருவன் விரலைச் சொடுக்கினால் எழுந்து நிற்பாள். வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அம்மா வெளியே போயிருக்கிறாள் என்று நீரஜாவைச் சொல்லச் சொல்வாள்.

பூச்சை அன்றன்றே கலைத்துவிட வேண்டும் என்பது சட்டம். நீண்ட தொடர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுத்தால் விட்டுவைக்கலாம். முதல் வாரத்தில் ஒரு நாள் கருவி பழுதாகி, வசுந்தரா பூச்சோடு வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல வீட்டுக்காரர் மோட்டார் போட்ட விஷயமாகக் கத்த வந்தார். வசுந்தரா கதவைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர், "சரிம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று இறங்கிப் போனார். நீரஜா சமையலறைக்குள் போய்க் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் ஆகிறது.

அந்த இரண்டு வருடத்தில் வசுந்தராவின் பெயர் தொடரின் பெயர்ப்பட்டியலில் முதல் அட்டைக்கு வந்தது. அவளுடைய தம்பி கோபாலரத்தினம் தயாரிப்பு நிர்வாகி ஆனான். தம்பி மகளுக்கு இரண்டாம் கதாநாயகி வேடம். வசுந்தராவும் நீரஜாவும் வளசரவாக்கத்தில் தனி வீட்டுக்குக் குடிபோனார்கள். உங்க வீட்டு ஆளுங்க இல்லாத டிபார்ட்மென்ட் டீக்கடை ஒண்ணுதான் என்று காரோட்டி பச்சையப்பன் ஒருமுறை நீரஜாவிடம் சொன்னான். அடுத்த மாதம் டீக்கடையும் கோபாலரத்தினத்தின் மச்சானுக்குப் போனது.

ஸ்டூடியோ முதலாளி சிதம்பரநாதனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு மகன்கள். மூத்தவனுக்குக் கோபாலரத்தினம் தன் மகளைப் பேசி முடித்திருந்தான். வசுந்தரா அதைக் கேள்விப்பட்ட அன்றே இளையவன் பிரணவுக்கு நீரஜாவைப் பேசினாள். பெரியவரின் காலத்துக்குப் பிறகு ஸ்டூடியோ யார் கையில் இருக்கும் என்பதற்கான கணக்கு அது.

நீரஜா வேண்டாம் என்றாள். ஏழு முறை சொன்னாள். அம்மா கோபப்படவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். நீரஜா பிரணவைத் தனியாகப் பார்த்துப் பேசினாள். அவனுக்கு மீன் தொட்டிகளைத் தவிர எதிலும் ஈடுபாடு இல்லை. தனக்கும் இதில் இஷ்டமில்லை என்றான். பிறகு, "உங்க அம்மாகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றான். மூத்தவனோ, அப்பாவுக்குப் பிறகு தம்பி ஸ்டூடியோ வாசலில் நிற்கக்கூட முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டை விட்டுப் போயிருக்கலாம். பெரம்பூரில் ஒரு விடுதியைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஆனால் அந்த மனிதர்களுக்கு நடுவே அம்மாவை விட்டுப் போகமுடியவில்லை.

எட்வினின் அறையில் கண்ணாடியைச் சுற்றி இன்னும் பழைய பல்புகள் இருந்தன. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கலைத்துவிடலாமா என்று எட்வின் கேட்டார். அதற்கு வழி உண்டு. ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் ஒரு மணி நேர வேலை.

"கலைச்சா எந்த அம்மா வருவாங்க?"

"பழைய அம்மாதான்."

"கதவுக்குப் பின்னாடி நிக்கிற அம்மா."

எட்வின் ஆமென்று தலையசைத்தார்.

"எனக்கு அவங்களும் வேண்டாம் சார்" என்றாள் நீரஜா. அதைச் சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "இந்த ரெண்டு வருஷமா எங்கம்மா யாரைப் பார்த்தும் பயப்படல. அதை எடுத்துட முடியாது. வேற வழி இருக்கா?"

எட்வின் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்கம்மா இப்ப எந்த வருஷத்துல நிக்கிறாங்க தெரியுமா? ஆயிரத்து அறுநூத்து இருபத்தொண்ணு. லாட்லி கல்யாணத்தைத்தான் போன வாரம் எடுத்தோம். சக்கரவர்த்தியோட கடைசி மகனுக்குக் கட்டிக்கொடுக்கிறாங்க. அதுக்கு அப்பால உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நாள்கோடு போட்டிருக்கு."

நாள்கோடு என்றால் என்ன என்று அவர் சொன்னார். ஆரம்பக் காலத்தில் ஒரு நடிகருக்கு முழு வாழ்க்கையையும் ஒரேயடியாகப் போட்டார்கள். கல்யாணக் காட்சியில் மாலையை வாங்கிக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த மணப்பெண் பிற்பாடு பிரசவத்தில் சாகப்போவது அவருக்குத் தெரியும். அதிலிருந்து, எந்தக் காட்சி எடுக்கிறார்களோ அந்த நாள் வரைக்கும்தான் பூச்சு. அதற்குப் பிந்தியதைப் படித்தாலும் மனதில் தங்காது. நீரஜாவுக்கு அது புரிந்தது. போன மாதம் யாரோ கொடுத்த வரலாற்றுப் புத்தகத்தை, தான் படிக்காமலே அம்மா முன் வைத்தாள். அம்மா இரண்டு பக்கம் படித்தாள். யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று மூடிவைத்தாள். மாலையில் அந்தப் புத்தகம் எது என்றே அவளுக்கு நினைவில்லை.

"செட்டுக்குள்ள இது சரி" என்றார் எட்வின். "சாயங்காலம் கலைச்சுட்டுப் போறவங்களுக்காகச் செஞ்ச ஏற்பாடு. பாதி வாழ்க்கையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் குடித்தனம் நடத்துவாங்கன்னு நாங்க யோசிக்கல. தப்புதான்."

"அந்த மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"சக்கரவர்த்தி செத்த உடனே போட்டி வந்துச்சு. நூர்ஜஹானோட சொந்த அண்ணனே எதிர்ப்பக்கம் போனார். அவர் மகளை அந்தப் பக்கத்து இளவரசருக்குத்தான் கட்டியிருந்தது. தோத்துப்போன மருமகன் கண்ணை எடுத்தாங்க. அப்புறம் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் அம்மாவும் மகளும் லாகூர்ல இருந்தாங்க. பதினெட்டு வருஷம். ரெண்டு விதவைங்க."

நீரஜா சற்று நேரம் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் போடுங்க சார்."

"எதை?"

"மீதியை. நாள்கோட்டை எடுத்துட்டுக் கடைசி வரைக்கும் போடுங்க."

எட்வின் தலையை ஆட்டினார். அந்த நடிகர் மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை என்றார். இயக்குநர் தன்னைத் தொலைத்துவிடுவார் என்றார். அதைவிட, உள்ளே இருப்பவள் எதையும் தாங்குவாள், அவளைச் சுமக்கிற உடம்பு வசுந்தராவுடையது, அதற்கு என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றார். பிறகு கணினித் திரையைத் திறந்து எதையோ தேடினார். நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார்.

"அவங்க சம்மதிச்சுத் தானா வரணும். வேற எதையோ சொல்லிக் கூட்டிட்டு வரக்கூடாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு."

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். கெஞ்சினால் நடக்காது, அழுதாலும் நடக்காது. உண்மையைச் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலை வசுந்தரா கூடத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ்களின் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் ஒரு அடுக்கு, இடப்பக்கம் ஒரு அடுக்கு. மூத்தவனின் ஆட்களுக்கு எத்தனை, தன் ஆட்களுக்கு எத்தனை என்று பிரித்திருந்தாள். நீரஜா எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க கதையில மீதி இருக்கு. எட்வின் சார்கிட்ட இருக்கு. உங்களுக்குக் குடுக்கல."

வசுந்தரா நிமிர்ந்தாள்.

"டைரக்டருக்குத் தெரியும். வசனம் எழுதுறவருக்குத் தெரியும். லைட் புடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது."

"எனக்கு நடக்கப்போறது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமா?"

"ஆமா."

"உனக்கும்?"

"நேத்துதான் தெரிஞ்சுது."

வசுந்தரா மகளின் முகத்தை வாசிப்பதுபோலப் பார்த்தாள். கையிலிருந்த உறையை எந்த அடுக்கிலும் வைக்காமல் நடுவில் வைத்தாள்.

"நல்லதா?"

"நீங்களே பாருங்கம்மா."

வியாழக்கிழமை எட்வின் உறவினர் ஒப்புதல் படிவத்தை நீரஜாவிடம் நீட்டினார். முதல் கையெழுத்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. இப்போது பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியின் நெற்றிப் பட்டையைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "போடு" என்றாள். போட்டாள்.

ஒரு மணி நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். அறைக்கு எதிரே ஆக்ரா தோட்டத்தின் செட் இருந்தது. துணி ரோஜாக்கள். வாய்க்காலில் தண்ணீர் விடாததால் அடியில் ஒட்டிய நீலத் தாள் தெரிந்தது. நீரஜா அதன் கரையில் உட்கார்ந்தாள். அம்மா எழுந்திருக்காமல் போனால் என்ன செய்வது என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டது நான். இரண்டு முறையும் நான்தான். அம்மாவை எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொண்டே போகிறேன். அம்மா என்னை வைத்து அவள் கணக்கைப் போடுகிறாள், நான் அவளை வைத்து என் கணக்கைப் போடுகிறேன்.

நாற்பதாவது நிமிடத்தில் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அழுகை இல்லை. யாரோ மூச்சை வெகுநேரம் பிடித்துவைத்திருந்து விட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வசுந்தரா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நடை மாறவில்லை. தண்ணீர் கேட்டாள். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினாள். எட்வின் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

காரில் அவள் போரூர் தாண்டியதும் பச்சையப்பனிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டாள். சோறு போடச் சொல்லி இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றினாள். கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள். அதன்பின் போனை எடுத்தாள்.

சிதம்பரநாதனிடம் அவள் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. நாளைக்கு நடக்கவிருந்தது நடக்காது, என் மகளுக்கு இஷ்டமில்லை, உங்கள் மகனுக்கும் இல்லை, அவனைக் கேட்டுப்பாருங்கள் என்றாள். எதிர்முனையில் அவர் சத்தம் போடுவது கேட்டது. வசுந்தரா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். "உடம்பைப் பாத்துக்குங்க. சின்னவனை இந்தச் சண்டைக்குள்ள விடாதீங்க" என்று சொல்லி வைத்தாள்.

நீரஜா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கோபால் அந்தப் பக்கம் போவான்" என்றாள் வசுந்தரா. "போகட்டும். அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கா."

"என்னம்மா பாத்தீங்க?"

"முதல்ல சாவு. அப்புறம் அந்தப் பையன். கண்ணு." அங்கே அவள் நிறுத்தினாள். "அது சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் லாகூர். ரொம்ப வருஷம்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல. அதுதான் ஆச்சரியம். அங்க யாருக்கும் நான் வேண்டாம். ஒரு ஆள் வாசல்ல நிக்கமாட்டான். நீயும் நானும்தான். காலையில மாடியில துணி காயப்போடுவோம். மழை வந்தா அந்த மூலையில ஒழுகும், நீல வாளியை எடுத்து வைப்போம். நீ அதுல விழுற சொட்டை எண்ணுவே. நூறு வந்ததும் என்னை எழுப்பிச் சொல்லுவே. நல்லாத்தான் இருந்தோம்."

நீரஜா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. பதினெட்டு வருஷத்துல நீ ஒரு வார்த்தை என்னைக் குத்தம் சொல்லல. உன் வாழ்க்கையையே வெச்சு ஆடிட்டேன், நீ எதிர்ல உக்காந்து கீரை ஆயுறே. அதைத்தான் தாங்க முடியல. எழுந்ததும் முதல் வேலையா இதை நிறுத்தணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். களைத்த முகம், ஆனால் அமைதியாக இருந்தது. இதைப்போல அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நீரஜாவுக்குத் தெரியவில்லை.

அவளுடைய போன் அதிர்ந்தது. பிரணவ். அப்பா திட்டுகிறார், அண்ணன் சிரிக்கிறான், எனக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு இறங்கியது, உங்கள் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், நேரில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

நீரஜா பின்கட்டுக்குப் போய் எட்வினைக் கூப்பிட்டாள். முதலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நீளமாக மூச்சுவிட்டார். ஆண்டவரே என்றார். பிறகு அவள் கேட்டாள்.

"சார், லாகூர்ல நீல வாளி எப்படி வந்துச்சு?"

எட்வின் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கணும். திரையில தேடினப்பதான் பாத்தேன். அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. தொடர் அதுவரைக்கும் போகாதுன்னு அந்தப் பகுதியை யாரும் செய்யவே இல்ல. மூணு வரிதான் இருந்துச்சு. சக்கரவர்த்தி போனார், மருமகனைக் கொன்னாங்க, அம்மாவும் மகளும் ஒண்ணா இருந்தாங்க. அவ்வளவுதான். மீதி வெத்து நேரம்."

"அப்ப அம்மா பாத்தது?"

"பூச்சு இல்லாத இடத்துல சொந்தத் தோல்தானே தெரியும். அவங்க மனசு அவங்ககிட்ட இருந்ததை எடுத்து நிரப்பிக்கிச்சு. புருஷன் போனபிறகு ஒரு அம்மாவும் பொண்ணும் பதினெட்டு வருஷம். அது அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்."

நீரஜா போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தாள். சாலிகிராமம் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூரை ஒழுகும். அந்த வாளிக்குக் கைப்பிடி கிடையாது. மழைநாளில் பள்ளிக்கூடம் கிடையாது, அம்மாவுக்குப் படப்பிடிப்பும் கிடையாது. நீரஜா சொட்டுகளை எண்ணுவாள். அந்த வருடங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயந்து பயந்து வாழ்ந்த காலம் என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அம்மாவைப் பயத்திலிருந்து மீட்டதாக நினைத்துத்தான் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

ஒரு பேரரசி எல்லாவற்றையும் தோற்றபிறகு அந்த வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நல்லாத்தான் இருந்தோம் என்று சொல்கிறாள்.

உள்ளே வந்தபோது வசுந்தரா விழித்திருந்தாள். மேசையில் இருந்த உறைகளின் இரண்டு அடுக்கும் ஒரே குவியலாகக் கிடந்தன. நீரஜா காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் சொல்லல நீ?" என்று கேட்டாள் வசுந்தரா. "லாகூர்ல. ஒரு தடவையாவது குத்தம் சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்கு என்னம்மா இருந்துச்சு? நல்லாத்தானே இருந்தோம்."

வசுந்தரா அதை யோசித்தாள். சரிதான் என்பதுபோல ஒருமுறை தலையசைத்தாள். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கோபாலரத்தினமாகத்தான் இருக்கவேண்டும். படியேறி வந்தவர் அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார்.

நீரஜா தன்னையறியாமல் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

வசுந்தரா காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தாள். டம்ளரைப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினாள். நீரஜா வாங்கிக்கொண்டாள். வசுந்தரா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.